இலிங்காவின் முதல் வகுப்பு

ரதேனி
21 செப்டம்பர் 2003

அன்புள்ள டோய்னா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக வேன் ஓட்டுகிற மித்ரூ வந்து சொன்னான். எல்லை தாண்டும்வரை வழியெல்லாம் வாந்தி எடுத்தாயாமே, இப்போது வயிறு எப்படி இருக்கிறது? அந்த ஊர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? எனக்கு இடுப்புவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. பிள்ளைகள் வழக்கம்போலப் பூங்கொத்தோடு வந்தார்கள். இலிங்கா என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் நான் பெரியம்மா, வகுப்பில் டீச்சர் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். புதன்கிழமை மறந்துபோய்ப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போன பிறகு டீச்சர் என்றாள். உடனே திரும்பினேன். இனி மறக்கமாட்டாள்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் எதையும் கையால் தொட்டுப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது என் முறை, உனக்குத் தெரியும். முதல் வாரம் இலை. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மரத்து இலையைக் கொண்டுவந்து, தாளுக்கு அடியில் வைத்து, மேலே வண்ணக்குச்சியால் தேய்த்து அதன் நரம்புகளைத் தாளில் எடுக்க வேண்டும். உன் பெண் என்ன செய்தாள் தெரியுமா? பூட்டிக் கிடக்கிற உன் வீட்டு வேலியில் ஏறிக் குதித்து, அந்த அக்ரூட் மரத்து இலையைக் கொண்டுவந்து நிற்கிறாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. நீ இப்போது எந்த வீட்டில் இருக்கிறாயோ அந்த வீட்டு இலையைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினேன். போய் என் வாசல் பேரிக்காய் மரத்திலிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தாள். அழகாக நரம்பெடுத்தாள். கை நல்ல கை.

ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் பேசியதிலிருந்து செவ்வாய்வரை அவள் எதற்கும் லாயக்கில்லாமல் போய்விட்டாள். சூப்பில் கரண்டியை விட்டபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நாளைக்கு ஃபோன் வேண்டாம். கடிதம் எழுது, நான் படித்துக் காட்டுகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா,
ஒலிம்பியா

*

பாதுவா
2 அக்டோபர் 2003

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இடுப்புக்குச் சூடான உப்பு மூட்டை வைத்துக் கட்டுகிறீர்களா? என் வயிறு சரியாகிவிட்டது.

நான் பார்த்துக்கொள்ளும் அம்மாள் படுத்த படுக்கை. புரட்டிப் படுக்கவைப்பது, கழுவுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் இலிங்கா இந்நேரம் என்ன சாப்பிட்டாளோ என்று நினைப்பு ஓடுகிறது. என் புருஷன் செவர், மரம் வெட்டப் போன இடத்தில் அப்படிச் செத்துப்போகாமல் இருந்திருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன். சரி, அதைப் பேசி என்ன.

அக்கா, ஃபோன் வேண்டாம் என்கிறீர்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரிசீவரை எடுத்து மேஜைமேல் வையுங்கள். நான் ஒன்றும் பேசமாட்டேன். அவள் நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுகிறேன்.

மித்ரூவிடம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ரோஜா நிறம், அவளுக்குப் பிடித்த நிறம். இந்தத் தாளின் அடியில் அவளுக்கென்று பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன், காட்டுங்கள். வேலி ஏறிக் குதித்ததற்கு அடிக்காதீர்கள்.

உங்கள் கையை முத்தமிடும்,
டோய்னா

*

ரதேனி
12 அக்டோபர் 2003

அன்புள்ள டோய்னா,

உன் கடிதமும் பூட்ஸும் வந்தன. உனக்குச் சளி பிடித்திருப்பதாக மித்ரூ சொன்னான். அந்த ஊர் ஈரக்காற்றில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. இங்கே நான் சௌக்கியம். முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டாயிற்று.

நான் யாரையும் அடிப்பதில்லை. இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு பிள்ளைமேல் கை வைத்ததில்லை. நீ அப்படி எழுதியது எனக்கு வருத்தம்.

இந்த வாரம் பள்ளி வாசலில் கொட்டிக் கிடக்கும் கஷ்கொட்டைகளைப் பொறுக்கி, தீக்குச்சிகளைக் கையும் காலுமாகக் குத்தி மனிதர்கள் செய்தோம். உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களைச் செய்து அட்டையில் நிறுத்துங்கள் என்றேன். இலிங்கா மூன்று பேரை நிறுத்தியிருந்தாள். ஒன்று நான், ஒன்று அவள். மூன்றாவதற்குத் தலையில் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தாள். அது யார் என்று கேட்டேன்.

"அம்மா."

"அம்மா உங்க வீட்லயா இருக்காங்க?"

"இல்ல டீச்சர்."

"அப்ப என்ன செய்யணும்?"

அவளே தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினாள். இதழைப் பிய்த்தாள். மிஞ்சியது வெறும் கொட்டை. அதைப் பொதுக் கூடையில் போடச் சொன்னேன், போட்டாள். அழவில்லை. இரண்டு பேர் நின்ற அட்டைக்குச் சிவப்பு நட்சத்திரம் ஒட்டினேன். இடைவேளையில் பார்த்தால் கூடையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். அத்தனை கொட்டையில் அது எது என்று எப்படித் தெரியும்? கடைசியில் அவளே விட்டுவிட்டாள்.

பூட்ஸ் விஷயம். வகுப்பில் யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. என் வீட்டுப் பெண் மட்டும் ரோஜா நிறத்தில் மினுக்கிக்கொண்டு வந்தால் மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கும்? முன் பெஞ்சில் நெலா என்று ஒரு பெண், செருப்புகூட இல்லாமல் வருகிறாள். இலிங்காவே எல்லார் முன்னாலும் பூட்ஸைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். கொடுக்கக் கற்றுக்கொண்டாள் என்று நீ சந்தோஷப்பட வேண்டும்.

அடியில் எழுதியிருந்த இரண்டு வரியை இன்னும் காட்டவில்லை. அவள் இப்போதுதான் எழுத்துப் பழகுகிறாள், உன் கோணல் எழுத்தைப் பார்த்தால் கை கெட்டுவிடும். ஃபோனை மேஜைமேல் வைப்பதெல்லாம் சரிப்படாது.

சளிக்குத் தேனும் எலுமிச்சையும் குடி.

ஒலிம்பியா

*

பாதுவா
20 அக்டோபர் 2003

அன்புள்ள அக்கா,

சளி விட்டுவிட்டது. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதினால் நீங்கள் இன்னும் கோபப்படுவீர்கள், அது இலிங்கா தலையில்தான் வந்து விடியும்.

நம் அம்மா போனபோது எனக்கு ஏழு வயசு. எனக்குத் தலை வாரியதும் சாப்பாடு போட்டதும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வேறு யாரிடமும் விடாமல் அவளை உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அவள் பிறந்த வாரம் நீங்கள் வந்து, எனக்குக் குழந்தை இல்லை, உனக்கு இன்னும் பிறக்கும், இவளை எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்டீர்கள். "ஆட்டுக்குட்டியா அக்கா, தூக்கிக் குடுக்க?" என்று நான் சிரித்தேன். அப்போது எனக்கு வயசும் இல்லை, புத்தியும் இல்லை. நீங்கள் அவளுக்கென்று பின்னிக்கொண்டுவந்த குல்லாயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் என்னைத் திட்டுங்கள், என் காதில் விழுகிற மாதிரி திட்டுங்கள். அந்த அட்டையில் மூன்றாவது ஆளை மட்டும் நிற்க விடுங்கள்.

நெலாவுக்குப் பூட்ஸ் கொடுத்தது சரி. இலிங்கா எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் டோய்னா

*

ரதேனி
27 அக்டோபர் 2003

அன்புள்ள டோய்னா,

நீ நலமாக இருப்பது அறிந்து நிம்மதி. இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. வகுப்பில் அடுப்பு மூட்டுகிறோம். புகைக்குத்தான் கண் எரிகிறது, மற்றபடி சுகம்.

நீ கேட்ட பழைய கதையெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த வாரம் விதைகள். ஆளுக்கு ஒரு கைப்பிடி மேப்பிள் விதை கொடுத்து, மாடி ஜன்னலிலிருந்து ஒவ்வொன்றாக விடச் சொன்னேன். இறக்கை முளைத்ததுபோலச் சுற்றிச் சுற்றி இறங்கிற்று. கீழே ஓடிப்போய் எது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று காலடியால் அளந்தார்கள். அம்மா மரத்தை விட்டுத் தூரமாகப் போகிற விதைதான் நன்றாக வளரும், நிழலிலேயே விழுந்தது பிழைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நெலா குறுக்கே புகுந்தாள். "அப்ப இலிங்காதான் விதையா டீச்சர்?"

நான் பதில் சொல்வதற்குள் உன் பெண் முந்திக்கொண்டாள்.

"விதை இங்கயேதான் இருக்கு. மரந்தான் போயிருச்சு."

வகுப்பே சிரித்தது. மரத்துக்குக் கால் இருக்கா, மரம் பஸ் ஏறிச்சா என்று ஆளுக்கு ஒன்று. இடைவேளையில் "நடக்குற மரம், நடக்குற மரம்" என்று அவள் பின்னாலேயே ஓடினார்கள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான், நான் தலையிடவில்லை. ஆனால் தப்பான பாடத்தைத் திருத்தாமல் விட முடியாது. அவளை முன்னால் கூப்பிட்டு, "விதை போகும், மரம் நிற்கும்" என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். வாய் திறக்கவில்லை. சொல்லும்வரை அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் சொன்னாள். சொல்லி முடித்ததும் மடியில் இருந்த விதைகளைத் தானாகவே குப்பைத் தொட்டியில் கொட்டினாள்.

பிடிவாதம் அவள் அப்பன் செவரைப் போல. இப்போதே உடைத்தால்தான் உண்டு.

ஒலிம்பியா

*

பாதுவா
3 நவம்பர் 2003

ஒலிம்பியா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

மித்ரூ நேற்று வந்தான். உன் வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தானாம். இலிங்காவைக் கூப்பிடுப்பா என்று சொல்லியிருக்கிறான். "நான்தான்" என்றதாம் அந்தப் பையன். என் பெண்ணின் தலையை மொட்டையடித்திருக்கிறாய். இடுப்புவரை இருந்த முடி. நான் கிளம்பிய அன்று உட்காரவைத்துப் பின்னிவிட்டு வந்த முடி. "அம்மாகிட்ட என்ன சொல்லட்டும் பாப்பா?" என்று கேட்டதற்கு அவள் திரும்பி உன் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "நான் பேசலாமான்னு கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனவள் வெளியே வரவேயில்லையாம். மித்ரூ எதற்கும் கலங்குகிற ஆள் இல்லை. இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை இறக்கிவைத்தான்.

பிள்ளை இல்லை என்றா உன் புருஷன் உன்னை விட்டுப் போனார்? அந்த வீட்டில் மூச்சு விடுவதற்குக்கூட உன்னிடம் கேட்க வேண்டியிருந்தது, அதனால் போனார். ஊர் முழுக்கத் தெரியும். உன் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். உனக்குப் பிறக்காததே நல்லதாயிற்று.

இந்த வேலையை விட்டுவிட்டேன். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு எந்த நாளும் வருவேன். அவள் துணிகளை மடித்து வை.

டோய்னா

*

ரதேனி
9 நவம்பர் 2003

அன்புள்ள டோய்னா,

நீயும் உன் உடம்பும் சுகமா? நான் சுகம்.

முடியில் பேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு எடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை இலையுதிர்கால விழா நடந்தது. வண்ணக் காகிதத்தில் ஒருத்தி திராட்சை, ஒருத்தன் முள்ளங்கி, ஒருத்தன் குடைமிளகாய். இலிங்காவை நான் பருவ ராணியாக்கினேன். மேப்பிள் இலைகளைக் கோத்துக் கிரீடம் செய்து வைத்ததில் மொட்டைத் தலை தெரியவேயில்லை. பாட்டை ஒரு வரி தடுமாறாமல் சொன்னாள். மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அவளைத் தூக்கி நிறுத்தி, யார் வீட்டுப் பொண்ணும்மா நீ என்று கேட்டார்.

"டீச்சரோட பொண்ணு."

வீட்டில் பெரியம்மா என்று கூப்பிடுவதிலும் முன்பாதி இப்போது உதிர்ந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. திருத்தவும் இல்லை.

குழந்தை இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருக்கிறாள். நீ வராதே. வந்தால் அவளுக்குத்தான் கெடுதல்.

ஒலிம்பியா

*

ரதேனி
24 நவம்பர் 2003

அன்புள்ள டோய்னா,

நீங்கள் இருவரும் நலமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் அவளுக்கு வாந்தி வந்ததா? அவளுக்கும் உன்னைப் போலவே வேன் பயணம் ஒத்துக்கொள்ளாது. மித்ரூவைக் கேட்டேன், முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான்.

நீ செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக்கு வந்திருக்கலாம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பேசியிருக்கலாம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, கதவைக்கூடத் தட்டாமல், சேற்றுக் காலோடு வந்து நின்றாய். அன்றைக்குப் பூசணிக்காய். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒன்றை வெட்டிவைத்து, கையை உள்ளே விட்டு விதைகளைத் தோண்டியெடுத்துப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். இலிங்காவின் கை முழங்கைவரை உள்ளே இருந்தது. அந்த வாரத்திலேயே அன்றைக்குத்தான் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நீ அதைப் பார்க்கவில்லை, நீ வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பெரியவர்கள் உள்ளே வந்தால் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள், அதற்குத்தான் அவளும் நின்றாள்.

நீ கையை நீட்டினாய். அவள் என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் போகலாமா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ அவள் தோளைப் பிடித்து இழுத்தாய். கையெல்லாம் பூசணி நாரோடு வாசல்வரை போனவள், நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். நீ அவள் விரல்களைப் பிரித்தெடுத்த சத்தம் கேட்டது. பிறகு பிள்ளைகளைப் பத்திலிருந்து மறுபடி எண்ணச் சொன்னேன்.

அவள் துணிகள் மடித்தபடியே இருக்கின்றன. மித்ரூ வாங்க மறுத்துவிட்டான்.

அவளுக்கு இப்போது எல்லா எழுத்தும் தெரியும். அவள் கையால் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல். அது போதும்.

ஒலிம்பியா

*

ரதேனி
21 டிசம்பர் 2003

டோய்னா,

நீ எழுதவில்லை. உங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் யாரையும் உட்காரவைக்கவில்லை. நெலா கேட்டாள், கூடாது என்றுவிட்டேன். வகுப்புச் சுவரிலிருந்து இலையுதிர்கால வேலைகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பனிக்கால வேலைகளை மாட்டினோம். அவளுடையதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். சாப்பிடும்போது எதிரே தெரிகிறது. சாப்பாடு முன்னைப் போல இறங்குவதில்லை.

நீ என்னைப் பற்றி எழுதியதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை டோய்னா, அந்த ஒரு தடவையைத் தவிர. இப்போது கேட்கிறேன். ஒரே ஒரு வரி. என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். டீச்சர் என்று மட்டும் எழுதினாலும் சரி.

கிறிஸ்துமஸ் நன்றாக அமையட்டும்.

உன் அக்கா,
ஒலிம்பியா

*

பாதுவா
25 ஜனவரி 2004

அன்புள்ள அக்கா,

நீங்கள் நலமா? நன்றாகச் சாப்பிடுகிறீர்களா? பதில் எழுதாமல் இருந்தது தப்பு. வேண்டுமென்றேதான் எழுதாமல் இருந்தேன். உங்களுக்கு வலிக்கட்டும் என்று இருந்தேன்.

இலிங்காவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை. முடி காதுவரை வளர்ந்திருக்கிறது.

நாங்கள் வந்தபோது இங்கே இலையுதிர்காலம் முடிந்திருக்கவில்லை. சேர்த்த முதல் வாரமே வகுப்பில் ஒரு பெரிய தொட்டி நிறையக் காய்ந்த இலைகளைக் கொட்டி, பிள்ளைகளை உள்ளே இறங்கி அளையச் சொன்னார்களாம். எல்லாரும் குதித்தார்கள். இவள் ஓரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். அந்த ஆசிரியை சிரித்துக்கொண்டே இவள் தலையில் ஒரு கை இலையைத் தூவினாளாம். இவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி அவளிடமே கொடுத்துவிட்டு, திரும்பப் போய் அதே இடத்தில் நின்றாளாம். பிள்ளைகள் இவளைப் பொம்மை என்று கூப்பிடுகிறார்கள். முதலில் பாஷை தெரியாததால் என்று நினைத்தேன். இப்போது பாஷை புரிகிறது. ஆனாலும் அப்படியேதான் நிற்கிறாள்.

வீட்டிலும் எல்லாவற்றுக்கும் கையைத் தூக்குகிறாள். தண்ணீர் குடிக்கலாமா, உட்காரலாமா. உன் இஷ்டம்டா கண்ணு என்றால் விழிக்கிறாள். நான் மூன்று கட்டடங்களுக்கு மாடிப்படி கழுவப் போகிறேன். பள்ளி விட்டு வந்தபின் அவளை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. அறைக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது, கதவும் திறந்தேதான் இருக்கும். இருந்தும் நான் திரும்பி வரும்போது நாற்காலியில் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். "ஏன்டா போகல?" என்று கேட்டால், "யாரும் போகலாம்னு சொல்லல" என்கிறாள்.

நேற்றைக்கு முந்தைய நாள் அவளை அறைந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல. அறைந்தபோதும் அவள் கன்னத்தைத் தடவிக்கொள்ளவில்லை. தடவலாமா என்று என்னைப் பார்த்தாள்.

நீங்கள் கேட்ட ஒரு வரியை டிசம்பரிலேயே எழுதிவிட்டாள். தாளைக் கொடுத்ததும் யோசிக்காமல் எழுதினாள். பார்த்துவிட்டு நான்தான் ஒளித்துவைத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். அவள் இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறாள் அக்கா. நான் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், என் வார்த்தை அவளுக்குச் செல்லாது. நீங்கள் சொன்னால் செல்லும். அந்தத் தாளிலேயே கீழே உங்கள் கையால் "போகலாம்" என்று எழுதி அனுப்புங்கள். அவளுக்கு உங்கள் எழுத்து தெரியும்.

நான் எழுதியதற்கெல்லாம் என்னை மன்னித்துவிடுங்கள். நேரில் வந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன். அதற்கு முன்னால் இதை மட்டும் செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
டோய்னா

*

ரதேனி
8 பிப்ரவரி 2004

அன்புள்ள டோய்னா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். என் இடுப்புவலி எவ்வளவோ தேவலை. மாடிப்படி கழுவும்போது குனிந்து குனிந்து உன் முதுகு போய்விடும், நீளக் கைப்பிடி உள்ள துடைப்பமாக வாங்கிக்கொள்.

பனி இன்னும் இளகவில்லை. வகுப்பில் பருத்திப் பஞ்சை நனைத்து அதன்மேல் கோதுமை தூவியிருக்கிறோம். தினமும் காலையில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிறார்கள். இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் இப்போது நெலா உட்கார்ந்திருக்கிறாள். சமையலறைச் சுவரைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துவிட்டேன். வீடு வெளிச்சமாகிவிட்டது.

இலிங்கா எழுதிய தாளைப் பார்த்தேன். டீச்சர், நான் போகலாமா. டிசம்பரிலிருந்து நீ அதை வைத்திருந்திருக்கிறாய். மூன்று எழுத்து வரிக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, கேள்விக்குறியும் இல்லை. என்னிடம் இருந்தபோது இந்தத் தப்பெல்லாம் வராது. சிவப்பு மையில் திருத்தி இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருத்தியதைப் பார்த்துப் பக்கம் நிறைய எழுதிப் பழகட்டும்.

நீ கேட்ட வார்த்தையை எழுதவில்லை. அவள் உன் பெண், நீயே சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒலிம்பியா